பூச்சி இல்லாத தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்து சயின்ஸ் மாஸ்டர் இரண்டு கண்ணாடி ஜாடிகளை மார்போடு அணைத்தபடி யூனியன் போர்டு கூட்டத்துக்கு வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முகத்தில் மாப்பிள்ளைக் களை. அதே பள்ளியில் தமிழ் நடத்திய எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பயம். மாதா கோவில் பூசை முடிந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டி, என்னையும் மலையடி ஓடைக்கு இழுத்துப் போய்விடுவார். கல்லைப் புரட்டி, அடியில் மூன்று வாலோடு ஒட்டியிருக்கும் குஞ்சுகளைக் காட்டுவார். "ஒருநாள் பூச்சிங்க சார். தண்ணியிலயே மாசக்கணக்கா வளரும். றெக்க மொளச்சு வெளிய வந்துட்டா ஒரு நாள்தான்." தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் அவை தங்காது என்பார். அதே ஓடையில் தோல் பதனிடும் ஷாப்புக்குக் கீழே எத்தனை கல்லைப் புரட்டினாலும் ஒன்றும் இருக்காது. ஷாப்பின் சுண்ணாம்புக் கழிவு மணலில் இறங்கி, எங்கள் தெரு தண்ணீர் எடுக்கும் ஊற்றில் தெளிந்து ஊறும். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் தன் கைக்குழந்தைக்கு வயிறு கெடுகிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் கிணறு ஷாப்புக்குக் கீழேயா, மலையடியிலா என்பதுதான் அன்றைய பேச்சு. மாஸ்டர் இரண்டு இடத்துத் தண்ணீரையும் மேஜைமேல் வைத்தார். மலையடி ஜாடியில் குஞ்சுகள் நெளிந்தன. மற்றதில் ஒன்றுமில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் தோல் மண்டிக்கார பாய் எழுந்துவிட்டார். "இன்னா மாஸ்டர், பூச்சி நெளியுற தண்ணியயா புள்ளைங்களுக்குக் குடுக்கறது? அத்த பாருங்க, எவ்ளோ சுத்தம்!" பூச்சி இருந்தால்தான் நல்ல தண்ணீர் என்று மாஸ்டர் கத்தினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிணறு ஷாப்புக்குக் கீழே என்று முடிவானது.

அதற்குப் பிறகு மாஸ்டர் தினமும் விடியற்காலையில் மலையடிக்கு நடந்து குடம் சுமந்து வந்தார். ஜாடியைப் பற்றி ஊரே பேசியிருந்ததால் அவர் மனைவி அந்தத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினார். "இத நீங்களே குடிங்க. எம் புள்ளைக்குக் கெணத்துத் தண்ணிதான்." அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவள் வேறென்ன செய்வாள்? மறு கோடையில் குழந்தையை அடக்கம் செய்தோம். மாஸ்டர் வேலையை விட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

இப்போது மலையடியிலும் ஒரு ஷாப்பு வந்திருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, கை சும்மா இருக்காமல் ஒரு கல்லைப் புரட்டினேன். வெறும் மணல். பக்கத்தில் குடத்தோடு நின்ற பெண் நான் தண்ணீரைச் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டாள்.

"பயப்படாம குடிங்க சார். முன்ன மாதிரி இல்ல, இப்ப ஒரு பூச்சி பொட்டு கெடையாது."