இன்னும் தேறாத உடம்பு

செங்கம் ரோட்டில் நான் போகும் ஜிம்முக்கு ஒருவர் வருவார். நான் சர்க்கரைக்காக டாக்டர் விரட்டி வந்தவன். அவர் ஆசைப்பட்டு வந்தவர். இருபத்தைந்து வயதிருக்கும். வாசலில் நுழைந்தால் தோள் இடிக்கும். ஆனாலும் சித்திரை வெயிலில்கூட முழுக்கை பனியன்தான். எடையைத் தூக்கி வைத்ததும் கண்ணாடி முன் நின்று, வலது கை விரல்களால் இடது மணிக்கட்டை வளைத்துப் பிடித்துப் பார்ப்பார். விரல் நுனிகள் தொட்டுக்கொண்டால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு பௌர்ணமி காலையில், "இன்னிக்கு கிரிவலம் போறீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"போறதில்ல சார். அவ்ளோ தூரம் நடந்தா ஏத்தின உடம்பெல்லாம் கரைஞ்சிடும். பௌர்ணமி வந்தா அம்மாகூட சண்டைதான். சின்ன வயசுல ரொம்ப ஒல்லியா இருந்தேன். உடம்பு தேறினா புள்ள மலைய சுத்துவான்னு வேண்டிக்கிட்டாங்களாம்."

"அதான் தேறிடுச்சே!"

நான் கேலி செய்வதாக நினைத்துவிட்டார். பனியன் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "தேறட்டும் சார், கண்டிப்பா போறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் கிரிவலம் நடந்தேன். எனக்கு முன்னால் எத்தனையோ முதுகுகள். அடி அண்ணாமலை வரை பார்த்துக்கொண்டே போனேன். அவர் முதுகில் பாதி அகலம்கூட ஒருவருக்கும் இல்லை.