கீழே இறங்காத மீன்கள்

சனிக்கிழமை மதியம், கோயில் கேன்டீனில் புளியோதரைத் தட்டோடு நின்றிருந்தேன். கோமதி போன் செய்தார். "வெங்கட், அவர் போயிட்டார். ஹார்ட்." அவ்வளவுதான். தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

கோமதியின் கணவர் முத்துவேலை உங்களில் பலர் மீன் பிடிப்பவராகத்தான் அறிவீர்கள். நம் ஊர் பிரிட்ஜ்வாட்டரில் யார் எதைப் பிடித்தாலும் மீனின் பெயர் கேட்டுப் படம் அவருக்குத்தான் போகும். ஒரே ஆபீஸில் என் பக்கத்து சீட். ஒருமுறை வெள்ளி நிற மீன் ஒன்றைக் காட்டி, இங்கத்து ஏரி மீனான மஞ்சள் பெர்ச் என்று பீற்றிக்கொண்டேன். மனுஷர் சிரிக்கக்கூட இல்லை. மேலிருந்து கீழாக ஆறேழு கறுப்புப் பட்டை, அடித்துடுப்பில் ஆரஞ்சு, முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு, எல்லாம் வேண்டும் என்றார். "இது ஒயிட் பெர்ச். கிரீன் கார்டு இல்லாம மஞ்சள்னு உள்ள விட மாட்டேன்."

இனி எழுதுவதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றிருந்தார். இரண்டு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அது புரட்டாசி. கோமதியின் பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் காத்திருந்த வாரம். அந்த மாதம் ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று முத்துவேல் பெருமாளிடம் வேண்டியிருந்தார். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தவித்தவரை ஏரிக்கு இழுத்துப் போனது நான்தான். "ரிலீஸ் பண்ணிட்டா பாவம் இல்ல முத்து" என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

நாற்பது அடி ஆழத்திலிருந்து இருபது பெர்ச் வந்தன. ஒவ்வொன்றையும் தூண்டில் முள் நீக்கி, பதமாக நீரில் விட்டார். காற்றே இல்லை. திரும்பிப் பார்த்தால், விட்டவை எல்லாம் படகைச் சுற்றிப் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தன. செவுள் திறந்து மூடியது. ஒரு கண் வானத்தில். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் உள்ளே காற்றுப்பை உப்பி, மீனால் இறங்க முடியாது. அது எனக்கு அப்போது தெரியாது. படகைத் தள்ளிப் போட்டேன். அவையும் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தன.

அவர் ஒன்றை உள்ளங்கையால் கீழே அழுத்தினார். அது அதே கைக்கு எழும்பி வந்தது. மறுபடி அழுத்தினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்: "வெங்கட், நான் எதுக்கு வேண்டிக்கிட்டேன்னு இதுங்களுக்குத் தெரியுமா?"

அப்போது அவர் போன் அடித்தது. கோமதி. அவர் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லையாம், கட்டி சாதாரணமானதுதானாம். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. மிதந்தவற்றைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப, அவளுக்கு வர இருந்ததை இதுங்க வாங்கிக்கிச்சா?"

கோமதி, அன்றைக்கு அவர் ஏன் போன் எடுக்கவில்லை என்று துக்க வீட்டில் கேட்டீர்கள். கையில் மீன் இருந்தது என்றேன். அது பாதி உண்மை. அந்த ஒரு மீனாவது இறங்கிவிட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அழுத்திக்கொண்டிருந்தார். நல்ல சேதி வந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கைதான். இனி உங்களிடமும் இருக்கட்டும்.