ஓரத்தில் எழுதிய பசி

அந்தக் குளிர்பானத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நாக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ருசி பார்ப்பது அவள் வேலை. காலை ஒன்பதரைக்கு வெள்ளை ஓடு பதித்த சின்ன அறையில் உட்கார்ந்தால், எண் எழுதிய காகிதக் கோப்பைகள் வரிசையாக வரும். ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, படிவத்தில் மதிப்பெண் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக ஊருக்கே இனிப்பு பார்த்துக் கொடுத்தவள், ஒரு பாட்டிலைக்கூட முழுசாகக் குடித்ததில்லை.

நாக்கை வைத்துப் பிழைப்பவளுக்கு அந்த நாக்கு சொந்தமில்லை. வேலை நாளில் வெங்காயம் கூடாது, காபி கூடாது, வாசனைச் சோப்பு கூடாது. ஒரு முறை தண்ணீர்த் தொட்டியைக் கழுவியவர்கள் சரியாக அலசவில்லை என்பதை, பரிசோதனை இயந்திரம் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் சொன்னாள். அந்த வருடம் நிர்வாகம் இயந்திரத்துக்குப் புது உறை வாங்கிப் போட்டது.

வீட்டில் சமையல் அவள் கணவர் பொறுப்பு. அவர் தையல்காரர், முன்னறையில்தான் மெஷின். "உப்பு சரியா இருக்கான்னு கேட்டா ஆறரைங்கிறா. பத்துக்கு ஆறரையா, நூத்துக்கு ஆறரையான்னு நான் பயந்துட்டு நிக்கணும்" என்று துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விற்பனைத் தலைவர் புது பானம் ஒன்றைக் கொண்டுவந்தார். சர்க்கரை ஒரு துளி இல்லை. இனிப்பு முழுக்கச் செயற்கை. "இனிப்பு உண்டு, பாவம் இல்லை" என்று பெரிய திரையில் எழுத்து ஓடியது. விற்பனைக்கு விடுமுன் ஆறு வாரச் சோதனை. ஊழியர்களில் பன்னிரண்டு பேர் தினம் மூன்று பாட்டில் குடிக்க வேண்டும். ஆறு பேருக்குச் சர்க்கரை போட்டது, ஆறு பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

"துப்பக் கூடாதுங்க. முழுங்கணும்" என்றார் விற்பனைத் தலைவர், நாக்கக்காவைப் பார்த்து.

தனக்கு எது வந்திருக்கிறது என்று முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை வந்ததும் வணக்கம் சொல்லி, இருந்துவிட்டு, நேரத்தோடு கிளம்பிவிடும் விருந்தாளி. இது தாமதமாக வந்து, போகிறேன் போகிறேன் என்று வாசலில் நின்று பேசிக்கொண்டேயிருக்கும் விருந்தாளி. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நினைத்துக்கொண்டு குடித்தாள்.

இரண்டாவது வாரம் பசி வந்தது. சாதாரணப் பசி அல்ல. பத்தரைக்குப் பாட்டிலைக் காலி செய்தால், பதினொன்றுக்கெல்லாம் வயிறு கதவைத் தட்டும். மதியத்துக்குக் கொண்டுவந்த டப்பா பதினொன்றே காலுக்குக் காலி. பிறகு, நாக்கைத் துடைக்க வைத்திருக்கும் உப்பில்லாத பிஸ்கட்டில் கை போயிற்று. அட்டையை மென்றாலும் அதைவிட ருசியாக இருக்கும். பத்தொன்பது வருடமாக நாக்கைத் துடைக்கத் தவிர அவள் தொடாதது அது. ஒரே வாரத்தில் இரண்டு பெட்டி தீர்ந்தது. எலி புகுந்துவிட்டது என்று பொருள் கிடங்கு பொறி வைத்தது.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது தையல்காரர்தான்.

"போன மாசம் தைச்ச ரவிக்கை. ரெண்டு பக்கமும் தையல் பிரிச்சு விடச் சொல்றியே, என்ன சங்கதி?"

"பசிக்குதுங்க."

"பசிச்சா சாப்பிடு. அதுக்கு ஏன் திருடின மாதிரி முழிக்கிற?"

"சாப்பிட்டப்புறமும் பசிக்குதே! வயித்துக்குப் பசியில்ல. தலைக்குள்ள யாரோ உக்காந்துகிட்டு 'இன்னும் வரல, இன்னும் வரல'ன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் தையல் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டார். அதற்கு மேல் அவருக்கு வைத்தியம் தெரியாது.

சோதனைப் படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன: இனிப்பு, பின்சுவை, நுரை, நிறம், மீண்டும் வாங்குவீர்களா. பசிக்குக் கட்டம் இல்லை. ஆகவே அவள் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'பசிக்கிறது.' மறுநாள்: 'நேற்றைவிடப் பசிக்கிறது.' நான்காவது வாரம் ஓரம் போதாமல், எழுத்து தாளைச் சுற்றி வேலி போட்ட மாதிரி வந்தது.

தொழிற்சாலை மருத்துவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தனக்கு வந்தது புதிய பாட்டில் என்று அவளே சொல்லிவிட்டாள். மெலிந்த மனிதர், தன் பேச்சைத் தானே சந்தேகப்படுகிறவர்.

"பாருங்கம்மா, நாக்குல இனிப்பு பட்டதும் மூளைக்குச் சேதி போகுது. 'சாப்பாடு வருது, தயாரா இரு'ன்னு. மூளையும் தட்டைக் கழுவி வச்சுட்டு உக்காருது. சர்க்கரையா இருந்தா பின்னாலயே சக்தி வந்துடும். இதுல சேதி மட்டும்தான் வருது, சரக்கு வரல. சில பேருக்கு மூளை சும்மா விடாது, தேட ஆரம்பிச்சுடும்."

"எல்லாருக்குமா டாக்டர்?"

"அதான் இல்ல. சில பேருக்கு ஒண்ணுமே ஆகாது. சர்க்கரைய விட்டு இதுக்கு வந்து எடை குறைஞ்சவங்களும் இருக்காங்க. ஆராய்ச்சி பண்றவங்களே ஒரு பேச்சுல இல்ல. அதோட, உங்களுக்கு எந்த பாட்டில்னு தெரிஞ்சுபோச்சே, உங்க பசியைக் கணக்குல எடுக்கலாமாங்கறதே கேள்வி."

"பசியை நான் கணக்குல எடுக்கச் சொல்லல டாக்டர். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க போதும்."

ஆறாவது வாரம் முடிவுக் கூட்டம். பன்னிரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். மேசையில் கேக்கும் பானமும் இருந்தன. புதியதைக் குடித்த ஆறு பேரில் மூன்று பேருக்கு அகோரப் பசி. இரண்டு பேருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆறாமவரான லாரி ஓட்டுநருக்குப் பசியெல்லாம் இல்லை. "சர்க்கரைய மிச்சம் புடிச்சிருக்கோமேன்னு தைரியமா ரெண்டு கேக் சேத்துச் சாப்பிட்டேன் சார்" என்றார், பெருமையாக.

சர்க்கரைக் குழுவிடம் வேறு கதை. வாயிற்காவலர் எழுந்து, "பசி ஒண்ணுமில்ல சார். ஆனா ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தாலும் நாலு மணியானா கை தானா நீளுது. பாட்டில் இல்லன்னா பொண்டாட்டி மேல கோவம் வருது. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். மற்ற ஐவரும் தலையாட்டினார்கள்.

நாக்கக்கா, இனி இரண்டையும் நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தாள். விற்பனைத் தலைவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அதாவது, சர்க்கரை போட்டதைக் குடிச்சவங்களால பாட்டிலை விட முடியல. புதுசைக் குடிச்சவங்களால சாப்பாட்டை விட முடியல." அவர் அவள் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார். "இவங்க எழுதியிருக்காங்க பாருங்க, பசிக்கிறது! எவ்வளவு பெரிய விஷயம்! கூடவே ஒரு சிப்ஸ் பொட்டலம் கட்டிக் கொடுத்தா?"

அடுத்த மாதம் சுவரொட்டி வந்தது. 'உணவின் மீது புதிய ஆர்வம்! எங்கள் மூத்த சுவை வல்லுநரின் அனுபவம்.' அவள் நேரே விற்பனைத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், நான் எழுதினது பசின்னு. அவஸ்தைன்னு அர்த்தம்."

"அதையேதான் நாங்க நல்லவிதமா சொல்லியிருக்கோம்."

"அவஸ்தைய எப்படி சார் நல்லவிதமா சொல்றது?"

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்றார் அவர், உண்மையிலேயே பணிவாக.

அவள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்: படிவத்தில் பசிக்கு ஒரு கட்டம் வேண்டும். நிர்வாகம் குழு அமைத்தது. குழு மூன்று முறை கூடி, ஒவ்வொரு முறையும் சிப்ஸ் சாப்பிட்டுக் கலைந்தது. கடைசியில் புதுப் படிவம் அச்சாகி வந்தது. அதே ஐந்து கட்டங்கள். ஆனால் தாளின் விளிம்புவரை நீட்டி அச்சிட்டிருந்தார்கள். ஓரம் என்று ஒன்று இல்லை. அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் நாக்குக்குத் தெரிந்ததைக் கை எழுதாமல் இருக்காது.

சோதனை முடிந்து, குடிப்பதை நிறுத்திய பத்து நாளிலேயே தலைக்குள் இருந்த ஆள் எழுந்து போயிருந்தான். மறுபடி துப்புகிற வேலைக்கே வந்துவிட்டாள். புது பானத்துக்கு இனிப்பில் எட்டரை போட்டாள். உள்ளதைச் சொல்ல வேண்டுமே, இனிப்பில் குறை சொல்ல முடியாது. பின்சுவைக்கு மூன்று.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, மெஷின் பக்கத்தில் ஆறு பாட்டிலும் ஆறு சிப்ஸ் பொட்டலமும் இருந்தன. இரண்டு பாட்டில் ஏற்கெனவே காலி.

"நீங்களுமா?"

"சிப்ஸ் சும்மா குடுக்கறாங்க. அதோட உன் அனுபவம்னு போட்டிருக்கே, வாங்காம வர முடியுமா? கடைக்காரர்கிட்ட 'என் பொண்டாட்டிதான்'னு சொன்னேன். நம்பல."

அவள் சமையலறையைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"ராத்திரிக்குச் செஞ்சது எங்க?"

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார்.

"செஞ்சேன்" என்றார். "அஞ்சரைக்கே சாப்பிட்டுட்டேன்."