வெர்னா பார்க்கும் தண்ணீர் நேரம்

பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கீழே எட்டிப் பார்க்கிறாள் வெர்னா ஹேனி. பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடிப்பதில்லை. வெர்னா தண்ணீர் பார்க்கிறாள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பாலத்தூணில் சிப்பி அப்பியிருக்கும் பகுதி மூழ்கிவிட்டால் அவளுக்கு நல்ல நேரம் பிறந்துவிட்டது. உடனே போன் போகும்: "கிளம்பி வாங்க கண்ணு, இன்னிக்கு வீடு அவ்வளவு அழகா இருக்கு!"

அமெரிக்காவின் செசபீக் வளைகுடா ஓரத்தில் வெர்னாவைப் போல வீடு விற்றுத் தரும் தரகர்கள் எல்லோரும் பார்க்கிற நேரம்தான். கடலேற்றத்தில் தண்ணீர் ஏறி நிற்கும்போது உப்பங்கழி வானத்தை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். வாங்க வந்தவர் விலையை மறந்துவிடுவார். வற்றிவிட்டாலோ கண்ணுக்கெட்டிய வரை சேறு. அழுகிய முட்டை வாடை. சாய்ந்து கிடக்கும் நண்டுப் படகு. அதை வெர்னா யாருக்கும் காட்டியதில்லை.

"கூரையப் பாக்காதீங்க கண்ணு, தண்ணியப் பாருங்க. கூரைய மாத்திக்கலாம்" என்பாள். எழுபது வயதுக்காரரும் அவளுக்குக் கண்ணுதான். இங்கே மனிதர்கள் இரண்டே சாதி: இங்கே பிறந்தவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். முப்பது வருடம் வாழ்ந்தாலும் வந்தவர் வந்தவரே. "தண்ணியோரமெல்லாம் வந்தவங்களுக்கு வித்துட்டு, பிறந்தவ நான் டயர் கடையப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரிப்பாள். அவள் வீட்டுச் சமையலறை சன்னலைத் திறந்தால் டயர் கடைதான்.

அவளுக்குக் கிழவர் ஃபாரஸ்டின் வீட்டின் மேல் பைத்தியம். கழி வளைகிற இடத்தில் இரண்டே அறை, முன்னால் படகு கட்ட ஒரு மரத்துறை. விற்றுத் தரச் சொல்லிச் சாவி கொடுத்தபோது, "பனி விழறதுக்குள்ள யாரும் வாங்கலைன்னா உன்னால முடிஞ்ச விலைக்கு நீயே எடுத்துக்கோ, வெர்னா" என்று சொல்லிவிட்டுப் போனார் கிழவர் எம்மெட் ஃபாரஸ்ட். அன்றிலிருந்து மாலையில் அங்கே போய், வெறும் தரையில் மல்லாந்து படுத்திருப்பாள். தண்ணீரின் வெளிச்சம் கூரைப் பலகையில் நெளியும். கட்டில் இங்கே, நாற்காலி அங்கே என்று மனதுக்குள் குடித்தனம் நடந்துகொண்டிருக்கும்.

அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து ஆட்களை அழைத்துப் போனாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தொழிலுக்குத் துரோகம்தான். கேட்டால், "சேறும் வீட்டோட சேர்ந்ததுதானே? நான் பொய்யா சொன்னேன்?" என்பாள்.

இலை பழுக்கும் காலத்தில் ரிச்மண்டிலிருந்து ப்ரூக்கர் என்பவர் வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சேற்று வாடையில் துறையின் நுனி வரை நடந்துபோய், நண்டுக்குஞ்சுகள் வளைக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வாடை அடிக்குதா கண்ணு?" என்று ஆசையோடு கேட்டாள் வெர்னா.

"அடிக்குது. இருந்தா என்ன? நாலு வீடு பாத்துட்டேம்மா. எல்லாரும் தண்ணி ரொம்பி நிக்கறப்பதான் காட்டினாங்க. ஒளிக்காமக் காட்டினது நீங்க ஒருத்தர்தான்."

வெர்னாவுக்கு முகம் சிவந்தது. அவளுக்கு இப்படிப்பட்ட சங்கடம் வந்ததே இல்லை.

"இன்னொரு வீடும் பாத்து வெச்சிருக்கேன். இருட்டறதுக்குள்ள ரெண்டுல ஒண்ணை முடிச்சிட்டுத்தான் போவேன். இந்தத் தண்ணி எப்பம்மா திரும்பி வரும்?"

'அதுக்கு ரொம்ப நேரமாகும், வாங்க போகலாம்' என்றால் போதும். வீடு அவளுடையது. கார் சாவி கையில்தான் இருந்தது. தூரத்தில், கழியின் வாயில், சேற்றுக்கு நடுவே வெள்ளிக்கம்பி போல ஒரு தண்ணீர்க்கோடு அசைந்து உள்ளே வரத் தொடங்கியிருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

வெர்னா சாவியைப் பைக்குள் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் துறையின் நுனியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு பக்கத்துப் பலகையைக் கையால் தட்டிக் காட்டினாள்.