சவர்க்காரக் கட்டியோடு வந்தவர்

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் கணினிக் கடைக்கு மயிலிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். உப்பில் வெளுத்த சட்டை. எதைக் கையில் எடுத்தாலும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மொனிட்டருக்கு வயர் வேண்டுமென்று சொல்லி, பையிலிருந்து துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"செருகிற இடத்திலை அமத்தி அச்செடுத்தனான், தம்பி. இந்தப் பக்கம் மொனிட்டர், மற்றப் பக்கம் கொம்பியூட்டர்."

அச்சுகள் தெளிவாக இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் வேறு வேறு வடிவம்.

"உப்பிடி வயர் எங்களிட்டை இல்லை ஐயா. கொழும்பிலையிருந்துதான் எடுக்கவேணும், நாலைஞ்சு நாள் செல்லும்."

"மகளுக்கு நாளைக்குக் கொம்பியூட்டரிலை வகுப்புத் துவங்குது," என்றார். அச்சுகளை மறுபடியும் தடவினார். "எடுப்பியுங்கோ. கட்டி இஞ்சை கிடக்கட்டும். வாறன்."

அவருடைய பெயரையோ தொலைபேசி எண்ணையோ நான் கேட்டுவைக்கவில்லை. வயர் வந்து சேர்ந்தது; அவர் வரவில்லை. பொதியைப் பிரித்து, கட்டியோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு முனைகளும் அவருடைய அச்சுகளோடு அப்படியே ஒத்திருந்தன.