பாறை ஓவியத்தின் கீழ் ஏற்றாத சூடம்

காலை 6.10. ராஜபாளையத்தில் நானும் என் மகள் கயலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர். நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கயல் முதுகலை வரலாறு படிக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் இதே மலைக்குப் பாறை ஓவியம் ஒன்றை நகல் எடுக்கத் தோழியோடு போனவளை மலைத்தேனீக்கள் கொட்டிவிட்டன. நினைவில்லாமல் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். உடம்பிலிருந்து நாற்பத்தொரு கொடுக்குகளை எடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் “அம்மா” என்றாள். இப்போதும் பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் தேனீயோ என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

படம் பாதியில் நிற்கிறது, முடித்தே ஆக வேண்டும் என்றாள். தடுத்தால் சொல்லாமல் போவாள். நானும் வருகிறேன் என்றேன். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. இவள் பிழைத்தால் அந்தப் பாறைச் சாமிக்கு என் கையால் சூடம் ஏற்றுவதாக ஆஸ்பத்திரி வாசலில் நேர்ந்திருந்தேன். முதல் தடவையும் நான் சும்மா அனுப்பவில்லை. புளியோதரை, தண்ணீர், ஒரு பொட்டலம் சூடம் எல்லாம் நானே அவள் பையில் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு வேலையை ஆரம்பி என்றுதான் அனுப்பினேன்.

6.50. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம். அடிவாரம் ஒன்பது கிலோமீட்டர். காத்திருந்து திரும்ப அறுநூறு ரூபாய். கதையைக் கேட்ட டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“தேனீ கொட்டுன புள்ளையவா மறுபடி கூட்டிட்டுப் போறிய?”

“நான் எங்க கூட்டிட்டுப் போறேன்? அவதான் என்னைக் கூட்டிட்டுப் போறா.”

7.30. அடிவாரத்தில் வனக் காவலர் கருப்பையா நின்றிருந்தார். அன்று கயலைத் தோளில் சுமந்து இறக்கியவர். அனுமதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, “பூவு, சென்ட்டு, இனிப்பு எதுவும் மேல வரக்கூடாதுக்கா” என்றார். தலையிலிருந்த மல்லிகையை எடுத்தேன். பால்கோவாவை டிரைவரிடம் கொடுத்தேன். “திரும்பி வரும்போது இருக்காது, சொல்லிட்டேன்” என்றார் அவர். கைப்பையில் இருந்த சூடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கருப்பையா முன்னால் நடந்தார். இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம், பாதித் தூரம் வறண்ட ஓடைக் கற்களின் மேல். பாறை இருக்கும் இடத்தை எழுதப் போவதில்லை. அங்கே ஆணியால் பெயர் கீறியவர்கள் ஏற்கெனவே போதும்.

9.15. கூரைபோல முன்னால் நீண்ட பாறை. அதன் அடியில் காவிச் சிவப்பில் ஐந்து பேர் கைகோத்து நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு சாண் உயரம். ஐந்தாமவருக்குத் தலை இருந்த இடத்தில் கரி. கீழே குங்குமம் அப்பிய ஒரு கல், அதுதான் சாமி. பக்கவாட்டில், உயரத்தில், மூன்று தேன் அடைகள் நனைந்த கம்பளிபோலத் தொங்கின.

கல்லின் முன் உட்கார்ந்து சூடத்தை எடுத்தேன். தீக்குச்சியை உரசுமுன் கருப்பையா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“என்னக்கா பண்றிய!” குரல் எழும்பாமல் அதட்டினார். “போன தடவை நான் செத்த நேரம் தண்ணி மோக்கப் போனேன். அதுக்குள்ள இந்தப் பாப்பா சூடம் பத்த வச்சுத்தான அம்புட்டும் கெளம்புச்சு!”

கயலைப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவள் சொல்லாத ஒன்று.

“நீ குடுத்துவிட்ட சூடந்தான் காரணம்னு தெரிஞ்சா நீ தாங்க மாட்டன்னுதான்மா சொல்லல.”

எனக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. கருப்பையா தீப்பெட்டியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “அழுறதுன்னா கீழ போயி அழுங்கக்கா. இங்க சத்தம் ஆகாது.”

எழுந்து போய்விடலாம். போகவில்லை. கயல் அளவு பார்க்கக் கட்டும் நூலின் ஒரு முனையை வாங்கிப் பிடித்தேன். தலைக்கு மேல் அதே மிக்சிச் சத்தம்.

“நூலை ஆட்டாதம்மா.”

ஒன்றே கால் மணி நேரம் ஆட்டாமல் பிடித்தேன். கடைசியில் படத்தைக் காட்டினாள். ஐந்தாவது தலைக்குப் புள்ளிக் கோடு மட்டும் போட்டிருந்தாள்.

“தலையப் போட்டு முடிக்க வேண்டியதுதானட்டி?”

“கண்ணுக்குத் தெரியலையே. அந்தக் கரியில நான் ஏத்துன சூடமும் இருக்கும்மா.”

12.20. அடிவாரம். டிரைவர் சொன்னபடியே பால்கோவா இல்லை.

மாலையில் வீட்டுப் பூசை அலமாரியில் சூடத்தை ஏற்றினேன். அதன் மேல்பலகை இருபது வருடமாகக் கறுத்துக் கிடக்கிறது. இன்றுதான் அதைக் கரி என்று பார்த்தேன். இந்தப் பலகையில் யாரும் எதையும் வரைந்து வைக்கவில்லை, படியட்டும்.

அதே மலையில் ஓவியம் உள்ள இன்னொரு பாறை இருக்கிறதாம். கயல் போகட்டும். பையை அவளே கட்டிக்கொள்ளட்டும். தண்ணீர் மட்டும் நான் நிரப்பித் தருவேன்.