ஒன்பதாவது வரியில் ஒரு யானை

நான்காக மடித்த தாள். கடைசி வரிக்குக் கீழே சந்தனக் கறை. அலமாரியில் ஆதார் அட்டையைத் தேடினால் இதுதான் கைக்கு வருகிறது. என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் எழுதிய சானட் கவிதை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். மகள் அவரைக் கேட்காமல் என்னைத் தேர்ந்தெடுத்ததால், இரண்டு வருஷம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மகளிடம், “அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளு” என்பார். அந்த மௌனத்தை உடைக்கத்தான் அவர் ஆயுள் முழுக்கப் பாடம் நடத்திய சானட்டைக் கையிலெடுத்தேன். கழக்கூட்டத்து அலுவலகத்தில் வேலை செய்கிற முகத்தோடு படித்துத் தெரிந்துகொண்டேன்: பிறந்தது இத்தாலியில், பெயருக்குப் பொருள் சின்ன ஓசை, மொத்தம் பதினான்கு வரி, எட்டு வரி ஒரு பக்கமாகப் போய் ஒன்பதாவதில் திரும்ப வேண்டும். நெடுஞ்சாலையில் தினமும் யூ-டர்ன் அடிக்கக் காத்துக்கிடப்பவனுக்கு இது என்ன பெரிய காரியம்? எட்டு வரி அவருடைய படிப்பு, நேர்மை, மடிப்பு கலையாத சட்டை. ஒன்பதாவதில், ‘ஆனால் இவற்றினும் பெரிது தன் மகளை’ என்று, அவர் மகளை வளர்த்த பெருமைக்குத் திரும்பினேன்.

“முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, படிச்சுடுங்கோ” என்று மனைவி என்னை மேடைக்குத் தள்ளினாள். சாஸ்திரிகளின் கடிகாரம் வேறு கணக்கில் ஓடியது. எட்டு வரி முடித்து, மூச்சை இழுத்து, மைக்கில் “ஆனா” என்கிறேன், சாஸ்திரிகள் விரலை உயர்த்துகிறார்: “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” ‘ல்’ தவிலுக்குள் போய்விட்டது. பின்னாலேயே மீதி வரிகளும். நாங்கள் இருப்பதோ மலையாள தேசம்; மலையாளத்தில் ஆன என்றால் யானை. பந்தியில் பக்கத்து வீட்டுச் சேச்சி, “மோனே, அம்மாயியச்சனெ ஆனயெந்நு விளிக்காமோ?” என்றார். மாமனாரை யானை என்று கூப்பிடலாமா என்று கேள்வி. மாமனாரின் உடல்வாகும் எனக்குச் சாதகமாக இல்லை.

சாயந்திரம் அவரே வந்து எதிரில் நின்றார். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு:

“என்ன ஓய், ஆனாலா, ஆனையா?”

“ஆனால்தான் மாமா. இன்னும் ஆறு வரி...”

“இத்தாலிக்காரன் மாதிரி ஒன்பதுல ஏன்யா திரும்பினீர்? இங்கிலீஷ்காரன் பன்னெண்டு வரி நேரா போய், கடைசி ரெண்டுல திரும்புவான். அவன் வழியில போயிருந்தா, மேளம் கொட்டறச்சே நான் புகழ்ச்சியிலேயே நின்னிருப்பேனே!”

அன்று திறந்த வாய் அப்புறம் மூடவில்லை. ஞாயிறுதோறும் “அந்த ஆறு வரியைச் சொல்லும்” என்பார். நான் “ஆனால்” என்றதும் குறுக்கே பாய்வார். இத்தாலிய மொழியில் வரிக் கடைசியில் ஒத்தொலிக்கும் இயைபுச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, அதனால் எட்டு வரியை இரண்டே இயைபில் ஓட்டினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பஞ்சம், அதனால் நான்கு நான்காக வெட்டிக்கொண்டார்கள் என்று ஒரு முழு வகுப்பு. காப்பி ஆறிப்போகும். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் வாங்கும்போதுகூடக் கடைக்காரரிடம், “மாப்பிள்ளை நல்ல ஆள். ஆனால்...” என்று நிறுத்தி என்னைப் பார்ப்பார். ஆறு வரி கேட்கக்கூடவா ஒரு மனிதருக்குப் பொறுமை இருக்காது?

போன வாரம் அவருடைய முதல் வருஷத் திவசம். எல்லோரும் போனபின் படத்துக்கு முன்னால் நின்று தாளைப் பிரித்தேன். “ஆனால்” என்று சொல்லிக் கொஞ்சம் காத்திருந்தேன். யாரும் குறுக்கே பாயவில்லை. கடைசி வரை படித்தேன். மகா மோசம். ‘மகளை’க்கு இயைபாக ‘தவளை’ போட்டிருக்கிறேன்.

“அப்பா அன்னிக்கே படிச்சுட்டார்” என்றாள் பின்னால் நின்ற மனைவி. “மாலையும் சந்தனமுமா உங்க பையிலேருந்து எடுத்து. படிச்சுட்டுத்தான் உங்ககிட்டப் பேச வந்தார்.”

“என்ன சொன்னார்?”

“கவிதை மோசம். ஆனால் பையன் தேவலைன்னார்.”

சந்தனக் கறை என் கையுடையது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தாளை நான்காக மடித்தேன். அவரைக் கேட்க நிறைய இருக்கிறது. படத்திலிருப்பவரோ பழையபடி என்னோடு பேசுவதில்லை.